கடல் தாண்டிய குதிரையும் உள்ளூர் வாரும்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் பெயர்தான் நூறு, தூண்கள் 96. ராஜகுளத்திலிருந்தோ உத்திரமேரூரிலிருந்தோ பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களின் கண் முதலில் மண்டப மூலையில் தொங்கும் கல்சங்கிலிக்குப் போகும். அடுத்து, முன்கால்களைத் தூக்கிப் பாயும் தூண் குதிரைகளுக்கு. அந்தக் குதிரைகளின் மேல் ஓடும் வார்களைப் பார்ப்பவர்கள் குறைவு. 16-ஆம் நூற்றாண்டு விஜயநகரச் சிற்பி கடிவாளத்தையும் சேணப் பட்டைகளையும் மறக்காமல் செதுக்கியிருக்கிறான். அசல் வாரை அறுத்துப் பின்னியவன் யார் என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை.

குதிரைக்குக் கணக்கு இருக்கிறது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாக எழுதுகிறார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியக் கருவூலம் பணம் கட்டியது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் துறைமுகமான காயலுக்கு வந்த மார்க்கோ போலோ, லாடம் கட்டத் தெரிந்தவர்கள் இல்லாமலும் பராமரிப்புத் தெரியாமலும் குதிரைகள் மடிந்ததைக் குறிப்பிடுகிறார். லாடக்காரர்கள் இங்கே வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்!

பொன்னைக் குறித்து வைத்தவர்கள் தோலைக் குறித்து வைக்கவில்லை. எனவே இங்கே சொற்களைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். பழைய நூல்களில் கடிவாளத்துக்கு வழங்கும் ‘கலினம்’ வடமொழி வழி வந்தது. கிரேக்கத்திலும் அதற்கு உறவுச் சொல் உண்டு. லகானும், சேணத்தைக் குறிக்கும் ஜீனியும் பாரசீகத்திலிருந்து வந்தவை. சவுக்கும் அப்படியே. ஆனால் தோலைக் கீறி எடுத்த ‘போழ்’, அதை இழுத்துக் கட்டும் ‘விசி’, ‘வார்’, முறுக்கிய ‘புரி’, ‘பின்னல்’ ஆகியவை தமிழ்ச் சொற்கள். பொருளின் பெயர் குதிரையோடு கப்பலில் இறங்கியிருக்கிறது. கைவேலையின் பெயர் ஏற்கெனவே கரையில் இருந்திருக்கிறது.

எவ்வளவு காலமாக இருந்தது என்பதற்குப் புறநானூற்றின் 82-ஆம் பாட்டைப் பார்க்கலாம். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகால நெருக்கடி, வானத்தில் மழை. இத்தனைக்கும் நடுவே ஒரு தொழிலாளி கட்டிலுக்கு வார் பின்னுகிறான். அவன் ஊசியைவிட வேகமாக நடந்ததாம் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர். சாத்தந்தையார் பாடியது அரசனைத்தான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தோல் பின்னும் கையின் வேகமும் அந்தப் பாட்டில் தங்கிவிட்டது, அதோடு அந்தத் தொழிலாளியைச் சுட்டிய இழிசொல்லும்.

அந்த வேகத்துக்குப் பின்னால் நுணுக்கம் இருக்கிறது. தோலை வட்டமாக வெட்டி, விளிம்பிலிருந்து சுருள் சுருளாக உள்நோக்கி அறுத்துப் போனால் ஒட்டே இல்லாத நீண்ட வார் கிடைக்கும். அகலம் ஓரிடத்தில் குறைந்தாலும் பிறகு அங்கேதான் அறும். ஓரங்களைச் சீவி, ஈரப்பதம் மாறாமல் பின்ன வேண்டும். காயக் காயப் பின்னல் இறுகும். பதனிடுவதற்கு நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும், இளக்கம் கொடுக்கப் புங்க எண்ணெயும் பயன்பட்டன. மெக்சிகோ, கலிபோர்னியா மாட்டுக்காரர்கள் பச்சைத் தோலை எட்டு, பன்னிரண்டு இழைகளாகப் பின்னிக் குதிரையின் மூக்குப்பட்டை செய்வதும் இதே கணக்கில்தான். அந்தப் பட்டை சேர்ந்த தலைக்கட்டுக்கு அவர்கள் சொல்லும் ‘ஹாக்கிமா’, ஸ்பெயின் வழியாகப் போன அரபுச் சொல். அரபுக் குதிரை காயலுக்கு வந்தபோது வாங்கியவன் கணக்கு ஏறியது. பின்னியவன் கதை ஏறவில்லை.

கும்பினியார் காலத்தில் குதிரையின் திசை மாறியது. ஓசூரில் 1824-இல் ராணுவத்துக்கான குதிரைப் பண்ணை அமைந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் ‘வேலர்’ எனப்பட்ட குதிரைகள் சென்னையில் இறங்கின. ஆனால் ராணுவத்துக்கான சேணத் தொழிற்சாலை 1860-களில் கான்பூரில் எழுந்தது. குதிரைச் சேணத்துக்கு இன்றும் அந்த ஊர்தான் பெயர்பெற்றது, புவிசார் குறியீடும் அதற்கே. சென்னைக்குப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யும் பங்கு கிடைத்தது. 1903 வாக்கில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியில் குரோம் பதனிடலைத் தொடங்கியபோது அவர் மனத்தில் குதிரை இல்லை; கிணற்றில் கமலை இறைக்கும் தோல்பை இருந்தது. தண்ணீரில் ஊறினாலும் கெடாத தோல் அதற்குத் தேவைப்பட்டது. குரோம்பேட்டை என்ற பெயர் பின்னால் வந்த தோல் தொழிற்சாலையின் மிச்சம்.

ஜட்கா வண்டிகள் ஓடியவரை நகரங்களில் சேணத்துக்கும் சாட்டைக்கும் வேலை இருந்தது. மோட்டார் வந்தபின் அது சுருங்கியது; நைலான் நாடா மீதியையும் எடுத்துக்கொண்டது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்குப் போனால், குதிரைகளுக்குப் பக்கத்திலேயே சலங்கை, கயிறு, சாட்டைக் கடைகளைப் பார்க்கலாம்.

கையால் தோல் பின்னும் வேலை இன்னும் நுட்பமாக நடக்கும் இடம் குதிரை லாயமல்ல, மிருதங்கம் செய்யும் வீடு. மிருதங்கத்தின் வாயை மூடும் தோலான மூட்டின் விளிம்பைச் சுற்றித் தோல்பட்டையைப் பின்னி, அதிலுள்ள 16 கண்களில் எருமைத்தோல் வாரைக் கோத்து, உடல் பலம் முழுவதையும் போட்டு இழுக்கிறார்கள். டி.எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ அந்த வீடுகளின் வரலாறு. வாசித்தவர்களின் பெயர்களை மட்டுமே சொல்லிவந்த மிருதங்க வரலாற்றில், செய்தவர்களின் பெயர்களும் அந்த நூலில் வரிசையாக வருகின்றன.