வான்கோழியும் கருவிழியும்

சென்ற மாதம் நான் வானொலியில் பேசிய உரையை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். நேரம் போதாமல் விட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எனக்கு வைத்தியம் தெரியாது, நான் ஒரு கணக்காளன். ஆனால் இந்த விடயத்தில் எனக்கொரு சொந்தக் கணக்கு உண்டு.

1998 ஆம் ஆண்டு மாசி மாதம். யாழ்ப்பாணத்தில் எடுத்த வணிகமாணிப் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இரவில் தொழிற்சாலையில் பொதி கட்டிக்கொண்டும் பகலில் கணக்கியல் வகுப்புக்குப் போய்க்கொண்டும் இருந்தேன். பனிக்குளிரில் இருந்து பஸ்ஸுக்குள் ஏறினால் மூக்குக்கண்ணாடியில் புகார் படிந்து ஒன்றும் தெரியாது. அதனால் கொன்ராக்ட் லென்ஸுக்கு மாறினேன். வேலை முடிந்து வந்த களைப்பில் அதைக் கழற்றாமலே படுத்துவிடுவேன்.

ஒருநாள் எழும்பியபோது இடது கண் சிவந்து நீராய் ஓடியது. கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. கொழும்பில் இருந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஐயோ, கண்ணிலை பூ விழுந்திட்டுதோ? நந்தியாவட்டைப் பூவை ஒத்தி எடு ராசா" என்றார். ஸ்காபரோவின் மாசிப் பனியில் நந்தியாவட்டைக்கு எங்கே போவது! வைத்தியசாலையில் கிருமிப்புண் என்றார்கள். இரவு பகலாக மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. பார்வை தப்பியது. தழும்பு இன்றும் இருக்கிறது.

இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகளும் லென்ஸோடு நித்திரை கொள்கிறாள். "அப்பா, இப்ப வாற லென்ஸ் வேறை" என்கிறாள். அவளுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இந்தச் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

1880களின் இறுதியில் சூரிச் நகரில் அடோல்ஃப் ஃபிக் என்ற கண் வைத்தியர் கண்ணாடியால் செய்த லென்ஸ், சில மணி நேரத்துக்கு மேல் அணிய முடியாதது. மென்மையான லென்ஸைத் தந்தவர் செக் நாட்டு இரசாயனவியலாளர் ஒட்டோ விக்டர்லே. 1958 இல் அரசியல் களையெடுப்பில் பல்கலைக்கழக வேலையை இழந்தவர். (இப்படிப்பட்ட கதை எங்களுக்குப் புதிதல்ல.) 1961 நத்தார் நாட்களில், பிள்ளைகள் விளையாடும் உலோகக் கட்டமைப்புப் பெட்டியையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து, வீட்டுச் சமையலறையிலேயே முதல் லென்ஸ்களைச் சுழற்றி எடுத்தார். 1971 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மென் லென்ஸை அனுமதித்தது. பத்து ஆண்டுகளில், 1981 இல், முப்பது நாள் கழற்றாமல் அணியும் லென்ஸுக்கும் அனுமதி கிடைத்தது.

அங்கேதான் வினை தொடங்கியது. கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது. அது பிராணவாயுவைக் காற்றிலிருந்து நேரடியாகவே எடுக்கிறது. இமை மூடினால் கிடைக்கும் அளவு பாதிக்கும் கீழே போய்விடும். அதற்கு மேல் லென்ஸும் மூடிக்கொண்டால்? கண் சிமிட்டாததால் கண்ணீரும் கழுவாது, கிருமி அப்படியே தங்கிவிடும். 1989 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு கணக்கைக் காட்டியது. பகலில் மட்டும் மென் லென்ஸ் அணிவோரில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு நால்வருக்குக் கருவிழிப் புண், நீடித்து அணியும் வகையைப் பாவிப்போரில் 21 பேருக்கு. அதே ஆண்டு முப்பது நாள் என்பதை ஏழு நாளாகக் குறைத்தார்கள்.

மகள் சொல்லும் "வேறை லென்ஸ்" பிராணவாயுவை நன்றாக விடும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல். 2001 இல் அதற்கு மீண்டும் முப்பது நாள் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் 2008 இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், அதை அணிந்தபடி நித்திரை கொள்வோரில் பத்தாயிரத்துக்கு 25 பேருக்குப் புண் வந்திருந்தது. காற்று வந்தது, கிருமி போகவில்லை. 25 சிறிய எண்தானே என்று அவள் கேட்டாள். ஐந்தொகையில் அது சிறிய எண்தான், அந்தக் கண் எனதாக இருக்கும்வரை அல்ல.

"அப்ப லேசர் செய்வமோ?" என்பது அடுத்த கேள்வி. அந்தக் கதையில் எங்களுக்குப் பெருமை தரும் ஒரு பகுதி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற ரங்கசாமி சிறீனிவாசன், நியூயோர்க் மாநிலத்தில் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் பணியாற்றினார். 1981 நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள், மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் எக்ஸைமர் லேசரின் புறஊதாக் கதிரைப் பாய்ச்சினார். கருகவில்லை. கத்தியால் முடியாத அளவுக்குத் துல்லியமான வெட்டு. சாதாரண லேசர் சுட்டு எரிக்கும். இது மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து, ஒரு துடிப்புக்கு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவாகச் சீவி எடுக்கும். உடன் உழைத்தவர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும். 1983 இல் கண் வைத்தியர் ஸ்டீபன் ட்ரோக்கலுடன் சேர்ந்து, கருவிழியைச் செதுக்க இது உதவும் என்று சிறீனிவாசன் எழுதினார். 2013 இல் மூவருக்கும் தேசியப் பதக்கம் வழங்கப்பட்டது.

அமெரிக்காவில் 1995 இல்தான் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி. கனடாவில் முந்தியே செய்தார்கள். வின்சருக்கு எல்லை தாண்டி வந்து கண் திருத்திக்கொண்டு போன அமெரிக்கர்கள் பலர்.

ஆனால் லேசரும் எல்லோருக்கும் ஏற்றதல்ல. கருவிழி மெல்லிதாக இருந்தால், பார்வைப் பவர் இன்னும் மாறிக்கொண்டிருந்தால் செய்யமாட்டார்கள். கண் வறட்சி, இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் சிலருக்கு நீடிக்கும். அப்படியானோருக்குக் கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் ஒரு வழி. அதுவும் சத்திரசிகிச்சைதான். நித்திரையில் அணிந்து காலையில் கழற்றும் கடின லென்ஸும் உண்டு. கருவிழியை இரவோடிரவாக அமுக்கிச் சீராக்கும். அதிலும் கிருமி ஆபத்து இருக்கிறது. சாதாரண மூக்குக்கண்ணாடியை ஏன் மறக்கிறோமோ தெரியாது.

கணக்காளனாக ஒரு வார்த்தை: கண் திருத்தும் லேசரை ஓகிப் ஏற்காது. 20 முதல் 64 வயதுவரையானோரின் வழமையான கண் பரிசோதனையையும் 2004 கார்த்திகை முதலாம் திகதி நிறுத்திவிட்டார்கள், சில நோயுள்ளவர்கள் விதிவிலக்கு. ஆனால் லேசர்ச் செலவை வரிப்படிவத்தில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள்.

மகளைக் கண் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். பவர் இன்னும் நிலைக்கவில்லை, இரண்டு வருடம் பொறுக்கச் சொன்னார். வரும் வழியில் அவளாகவே ஒரு மூக்குக்கண்ணாடி தெரிவு செய்தாள். பஸ்ஸில் ஏறியதும் புகார் படிந்தது. துடைத்துவிட்டுச் சிரித்தாள்.