ஹார்மண்ட்ஸ்வர்த் முதல் டியேகோ கார்சியா வரை: பிரித்தானியக் குடிவரவுத் தடுப்பும் பொதுமக்கள் பார்வையும்

ஹீத்ரோ விமான நிலையத்தின் வடபுறம், கோல்ன்புரூக் பைபாஸ் சாலையில் இரண்டு குடிவரவுத் தடுப்பு நிலையங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றில் மூத்ததான ஹார்மண்ட்ஸ்வர்த் 1970இல் தொடங்கியபோது, நுழைவு மறுக்கப்பட்டவர்களை மேன்முறையீடு முடியும்வரை வைத்திருக்கும் சிறிய இடமாகவே இருந்தது. அடுத்த ஆண்டு வந்த குடிவரவுச் சட்டம், தடுத்துவைக்கும் அதிகாரத்தை நீதிபதியிடம் அல்லாமல் உள்துறை அதிகாரியிடம் கொடுத்தது. எத்தனை நாள் என்று எங்கும் சொல்லவில்லை. 1983இல் ஹர்தியால் சிங் வழக்கில், நாடுகடத்தலுக்குத் தேவையான நியாயமான காலத்துக்கு மேல் ஒருவரை அடைத்துவைக்கக்கூடாது என்று உயர்நீதிமன்றம் வரம்பு கட்டியது. ஆனால் அந்தக் காலம் கடந்துவிட்டது என்று கேட்க அடைபட்டவரே வழக்குத் தொடுக்கவேண்டியிருந்தது. தடுப்புக்காவலின் கொடுமை வெளியே தெரிந்த போதெல்லாம் அரசு அதன் இடத்தையும் வடிவத்தையும் மாற்றியிருக்கிறது. மக்களின் கோபம் சட்டத்தில் நாட்கணக்காக எழுதப்பட்ட சில இடங்களில் மட்டுமே தடுப்புக்குக் கடிவாளம் விழுந்திருக்கிறது. ஈழத்தமிழரின் வரலாறு இதற்கு நெருக்கமான சான்று.

1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் வந்திறங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களைத் திருப்பியனுப்ப விமானம் தயாரானபோது, அவர்களில் பலர் ஓடுதளத்திலேயே உடைகளைக் களைந்து உள்ளாடையுடன் நின்றனர். அந்தப் படங்கள் நாடெங்கும் பரவின. நீதிமன்றம் வெளியேற்றத்தை நிறுத்திவைத்தது. அதே நிகழ்வுக்கு இன்னொரு பின்விளைவும் உண்டு. சில மாதங்களுக்குள், உரிய ஆவணமின்றி வருவோர் ஒவ்வொருவருக்கும் விமான நிறுவனத்திடம் 1,000 பவுண்டு அறவிடும் சட்டத்தை உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹேர்ட் நிறைவேற்றினார். பிரச்சினை ஹீத்ரோவிலிருந்து கொழும்பு விமான நிலையத்தின் பயணச்சீட்டு மேசைக்கு மாறியது. அதே ஆண்டில், ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய படகுக் கப்பலை வாடகைக்கு எடுத்து, தமிழர் பலர் உட்பட அகதி விண்ணப்பதாரிகளை அதில் அடைத்தனர். அக்டோபர் 15 நள்ளிரவைத் தாண்டி வீசிய பெரும்புயல் கட்டுக்கயிறுகளை அறுக்க, உள்ளே மனிதர்களோடு கப்பல் கரைதட்டியது. கப்பல் ஏற்பாடு கைவிடப்பட்டது; காலவரையற்ற தடுப்பு கைவிடப்படவில்லை. 1993இல் நாட்டில் சுமார் 250 தடுப்பு இடங்களே இருந்தன. 2015இல் ஒரே ஆண்டில் சுமார் 32,000 பேர் தடுப்புக்குள் சென்றனர்.

இந்த வளர்ச்சி பொதுமக்கள் கண்ணில் படாமல் நடந்தது தற்செயல் அல்ல. தடுப்பு ஒரு படிவத்தில் தொடங்குகிறது: அச்சிட்ட காரணங்களில் அதிகாரி சிலவற்றுக்கு எதிரே அடையாளமிடுகிறார். நிலையத்துக்குள் நுழைந்ததும் கமரா உள்ள கைபேசி வாங்கி வைக்கப்பட்டு, பேச மட்டும் உதவும் சாதாரண கைபேசி தரப்படுகிறது. கட்விக் விமான நிலைய ஓடுபாதைக்கு அருகிலுள்ள புரூக் ஹவுஸ் தடுப்பு நிலையம், பி வகைச் சிறைக்குரிய உயர் பாதுகாப்புடன் கட்டப்பட்டது. சன்னல்கள் திறக்காது, அறைக்குள்ளேயே உள்ள கழிப்பறைக்கு மறைப்பு ஒரு திரைதான். 2017இல் பிபிசி பனோரமா நிகழ்ச்சியின் மறைகமரா அங்கே புகுந்த பிறகே காவலர்களின் வன்முறை வெளியே வந்தது. கேட் ஈவ்ஸ் தலைமையிலான பகிரங்க விசாரணை 2023இல் வெளியிட்ட அறிக்கை, ஐந்து மாத காலத்துக்குள் மனிதாபிமானமற்ற நடத்தையாகக் கருதத்தக்க 19 நிகழ்வுகளை இனங்கண்டது. சித்திரவதைக்கு உள்ளானவர்களை மருத்துவர் கண்டறிந்து அறிவிக்கவேண்டிய விதி ஒழுங்காக இயங்கவில்லை என்றும் அது கூறியது. இராணுவ முகாமில் அடைபட்டுத் தப்பிவந்த ஒரு தமிழருக்குப் பூட்டு விழும் ஓசையும் சீருடைக் காலடியும் என்ன செய்யும் என்பதை இந்த விதிதான் கவனித்திருக்க வேண்டும்.

தடுப்பில்லாவிட்டால் எல்லோரும் தலைமறைவாகிவிடுவார்கள், நாடுகடத்தல் என்பதே நடக்காது என்பது வலுவான மறுப்பு. குடிவரவுக் கட்டுப்பாடு ஓர் அரசின் உரிமை என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் உள்துறையின் சொந்தப் புள்ளிவிவரங்களே, அண்மைய ஆண்டுகளில் தடுப்பிலிருந்து வெளியேறியோரில் பெரும்பகுதியினர் நாடுகடத்தப்படாமல் இங்கேயே விடுவிக்கப்பட்டதைக் காட்டுகின்றன. அனுப்பமுடியாதவரை அடைத்துவைப்பதால் கட்டுப்பாடு கூடுவதில்லை. காலவரையறை வைத்தால் நாட்களை இழுத்தடிப்பார்கள் என்பது அடுத்த வாதம். இதற்குச் சட்டமே விடை வைத்திருக்கிறது: 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் கர்ப்பிணிகளின் தடுப்புக்கு 72 மணிநேர வரம்பு விதித்தது, அமைச்சர் ஒப்புதலுடன் மட்டும் ஒரு வாரம்வரை நீட்டலாம். அதனால் குடிவரவு நிர்வாகம் நிலைகுலையவில்லை.

வரம்பில்லாத அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை பிரித்தானிய இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் டியேகோ கார்சியா தீவு காட்டியது. 2021 அக்டோபரில் படகு பழுதாகி அத்தீவில் சேர்ந்த இலங்கைத் தமிழர், பிள்ளைகளுடன் வேலியிட்ட கூடார முகாமில் மூன்று ஆண்டுகள் வைக்கப்பட்டனர். அவர்கள் அடைபட்டவர்களே அல்ல, தங்கவைக்கப்பட்டவர்கள் என்று நிர்வாகம் வாதிட்டது. 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம், அது சட்டவிரோதத் தடுப்பே என்று தீர்ப்பளித்தது. அதே மாதம் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர்.

ஆகவே விழிப்புணர்வுப் பணி நிலையத்தின் உள்நிலைமையைச் சொல்வதோடு நின்றால், அரசு நிலையத்தை மூடி இன்னொன்றைத் திறக்கும். கேட்கவேண்டியது தடுப்புக்கு 28 நாள் வரம்பு. 2020 அக்டோபரில் பிரபுக்கள் சபை அதை ஒரு குடிவரவுச் சட்டமூலத்தில் சேர்த்தது, மக்களவை நீக்கியது. ஈவ்ஸ் அறிக்கையும் அதையே பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. இங்கிலாந்தில் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டவரைக் குற்றஞ்சாட்டாமல் காவல்துறை வழக்கமாக 24 மணிநேரமே வைத்திருக்கலாம். குடிவரவுத் தடுப்பில் இருப்பவர் தாமாகப் பிணை கேட்காவிட்டால், அவருடைய வழக்கு நீதிபதியின் பார்வைக்குத் தானாகச் செல்ல நான்கு மாதங்கள் ஆகின்றன.