ரம்பம் தூக்கிய அதிபர் மிலே: அவர் நம்பும் 'ஆஸ்திரியப் பொருளாதாரம்' என்ன சொல்கிறது?

2023 அர்ஜென்டினா அதிபர் தேர்தல் பிரசாரத்தில் ஹாவியர் மிலே கையில் இருந்தது மோட்டார் ரம்பம். அரசுச் செலவை அப்படி வெட்டப்போகிறாராம். ஜெயித்ததும் 18 அமைச்சகங்களைப் பாதியாக்கினார்.

அந்த ரம்பத்துக்குப் பின்னால் 150 வருஷப் பழைய சிந்தனை ஒன்று இருக்கிறது.

எங்கே தொடங்கியது?

1871-ல் வியன்னாவில் கார்ல் மெங்கர் எழுதிய புத்தகத்தில். ஒரு பொருளின் மதிப்பு அதைச் செய்ய ஆன உழைப்பில் இல்லை, வாங்குபவரின் தேவையில்தான் இருக்கிறது என்றார் அவர்.

1920-ல் லுட்விக் வான் மீசஸ் எழுப்பிய கேள்வி இன்னும் கூர்மையானது. நிலம், ஆலை, இயந்திரம் எல்லாமே அரசின் கையில் இருந்தால் அவற்றுக்குச் சந்தை விலை இருக்காது. அப்போ பாலத்தை உருக்கில் கட்டுவதா, கான்கிரீட்டில் கட்டுவதா? டன் கணக்கு தெரியும். எது சிக்கனம் என்று தெரியாது. அதிகாரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதே கதிதான்.

அவரைத் தொடர்ந்த ஹயெக், விலையே ஒரு செய்தி என்றார். தக்காளி எந்த ஊரில் அழுகியது என்று நமக்குத் தெரியாது. ஆனா விலை ஏறினால் அரை கிலோவோடு நிறுத்திக்கொள்கிறோம். 1974-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேடிக்கை என்னன்னா, பரிசைப் பகிர்ந்துகொண்ட குன்னர் மிர்டால் நேர் எதிர்க் கருத்துக்காரர்.

இதில் சுதந்திரம் எங்கே வருகிறது?

தன் தேவை தனி மனிதருக்குத்தான் தெரியும் என்றால், முடிவும் அவருடையதாக இருக்க வேண்டும். ஆனா எதுவரை? ஏழைகளுக்கு அரசு குறைந்தபட்சப் பாதுகாப்பு தரலாம் என்றார் ஹயெக். அரசே வேண்டாம் என்றார் அமெரிக்காவின் மர்ரி ராத்பார்ட். மிலே தன் நாய் ஒன்றுக்கு வைத்த பெயர் மர்ரி!

விமர்சனம் என்ன?

புள்ளிவிவரத்தைவிடத் தர்க்கத்தையே நம்புகிறார்கள், அதனால் தவறு என்று நிரூபிக்கவே முடியாது என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. சந்தை ஆதரவாளரான மில்டன் ஃப்ரீட்மேனே இவர்களை விமர்சித்தவர்.

அர்ஜென்டினாவில் என்ன ஆனது?

2023 டிசம்பரில் மாதப் பணவீக்கம் 25.5%. ஒரே வருஷத்தில் 2.7% ஆக இறங்கியது. ஆனா 2024 முதல் பாதியில் வறுமை 52.9% வரை போனது, அடுத்த பாதியில் 38.1% ஆனது. ஓய்வூதியர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

மத்திய வங்கியை மூடுவேன் என்று சொன்ன மிலே, 2025 ஏப்ரலில் சர்வதேச நாணய நிதியத்திடம் 2,000 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் போட்டார். வங்கி அப்போதும் மூடப்படவில்லை.