புல்லட்டின் கியர் இடது காலுக்கு வந்த கதை



போன வாரம் என்னிடம் படித்த தம்பி ஒருவர் புது புல்லட்டில் வீட்டுக்கு வந்தார். "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார்" என்று சாவியை நீட்டினார். ரங்கசாமி குளம் அருகே மாடு ஒன்று குறுக்கே வந்தது. பழைய பழக்கத்தில் இடது காலை அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை, கியர்தான் இறங்கியது! முன் பிரேக்கைப் பிடித்துத் தப்பித்தேன். அண்ணன் வாங்கிய 1978 மாடல் புல்லட்டில் பிரேக் இடது காலில், கியர் வலது காலில். அதில் பழகிய கால் இது.

புல்லட் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்தது. எல்லைக் காவலுக்கு நம் ராணுவம் அதைக் கேட்டது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் அந்தக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு அச்சும் கருவிகளும் வந்து, திருவொற்றியூரிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடிய பின்னும் நம்முடையது ஓடியது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. தாய்வீட்டுக்குப் பிள்ளை சீர் கொண்டு போனது போல!

ஆனால் வண்டி மட்டும் மாறவே இல்லை. ராஜ்தூத், யெஸ்டி எல்லாவற்றிலும் கியர் இடப்பக்கம். அவற்றில் பழகியவர்கள் புல்லட்டைத் தொடப் பயந்தார்கள். ஸ்டார்ட் செய்வதே ஒரு வித்தை. ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரஸரைப் பிடித்து பிஸ்டனைச் சற்றே தாண்டவிட்டு, பிறகுதான் ஓங்கி மிதிக்க வேண்டும். தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். அண்ணன் கணுக்காலைக் கேட்டால் சொல்லும்.

1994-ல் கம்பெனி ஐஷரோடு இணைந்தது. 2000-க்குப் பிறகுதான் கியர் இடப்பக்கம் வந்தது, செல்ஃப் ஸ்டார்ட்டும் வந்தது. 2008, 2009 வாக்கில் இன்ஜினையே புதிதாகச் செய்தார்கள். முன்பு இன்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி. இப்போது இரண்டும் ஒரே கூட்டுக்குள். ஆயில் ஒழுகும் இணைப்புகள் குறைந்தன. வார்ப்பிரும்பு சிலிண்டர் போய் அலுமினியம் வந்தது. ஆனால் 350-ல் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர் என்ற பழைய அளவைத் தொடவில்லை. நீண்ட ஓட்டம் இருந்தால்தான் அந்த நிதானமான இழுவை வரும். இருந்தும் "டுப் டுப்" சத்தம் மெலிந்துவிட்டது என்று பலருக்குக் குறை. எனக்கும்தான். அதற்காகக் கணுக்காலைப் பணயம் வைக்க வேண்டுமா என்ன?

இன்று புல்லட் நம் பக்கத்து ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகிறது. அப்பா தறியில் இருக்க, அங்கே ஷிப்டுக்குப் போகும் என் மாணவர்கள் உண்டு. அவர்கள் இதில் பிழை கண்டால் திருத்துங்கள்.

அண்ணன் இப்போது இல்லை. வண்டி என் வீட்டில் நிற்கிறது. பேரன் ஓட்ட ஆசைப்படுகிறான். கியரை இடப்பக்கம் மாற்றித் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். ஒரு மாதம் யோசித்துச் சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அதற்குள் ஒரு நாள் விடிகாலையில், மாடுகள் எழுவதற்கு முன், பெருமாள் கோயில் வரை ஒருமுறை போய் வர வேண்டும்.