தோப்புக்கரணமும் செங்கோலும்

"தோப்புக்கரணம் போட வைத்துவிட்டான்" என்றால், பிழையைப் பலரறிய ஒப்புக்கொள்ளச் செய்தான் என்பது நம் வழக்கு. ‘தோர்பி: கர்ணம்’ என்னும் வடமொழித் தொடரின் திரிபு இது, கைகளால் காதைப் பற்றுதல் என்பது பொருள். கயமுகாசுரன் தேவர்களை இவ்வாறு பணியவைத்தான் என்றும், அவனை வென்ற விநாயகர்முன் அவர்களே விரும்பி இதனைச் செய்தனர் என்றும் புராணம் கூறும். அசுரன்முன் இழிவு, பிள்ளையார்முன் வழிபாடு! பள்ளிக்கூடங்கள் முன்னதையே பிடித்துக்கொண்டன.

"மண்ணைக் கவ்வினான்" என்பதில் தோல்வி உண்டு, ஒப்புதல் இல்லை.

ஒப்புதலுக்குச் சிலப்பதிகாரத்துப் பாண்டியனையே பார்க்கவேண்டும். சபரகமுவச் சிங்கள மக்களும் பத்தினித் தெய்வமாக வணங்கும் கண்ணகி சிலம்பை உடைத்தாள்; முத்தன்று, மாணிக்கம் தெறித்தது. கள்வன் கோவலன் அல்லன், தானே என அவையறிய உரைத்து அரசன் வீழ்ந்து மாண்டான். வளைந்த செங்கோலை உயிர்கொடுத்து நிமிர்த்தினான் என்று அவனைப் போற்றியவன், வேற்று நாட்டரசனாகிய சேரன் செங்குட்டுவன்.