ஐனு மொழி: ஏட்டிலிருந்து நாவுக்கு

யப்பானின் வடதீவாகிய ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் மொழி, எழுத்து வழக்கின்றி வாய்மொழி மரபிலேயே வளர்ந்தது. 1899ஆம் ஆண்டுச் சட்டம் அம்மக்களைப் பாதுகாப்பதாகக் கூறிற்று. ஆயின் அதன்வழி எழுந்த பாடசாலைகள் யப்பானிய மொழியையே புகட்டின. தாய்மொழி மூத்தோரோடு ஒடுங்கலாயிற்று.

19 வயதில் மறைந்த சிரி யுக்கியே எழுதிப் பெயர்த்த தெய்வப் பாடல்கள் 1923இல் நூலாயின. அந்நூல் மொழியின் செல்வத்தைக் காத்தது, பேசுவோரைப் பெருக்கவில்லை. முதியோர் கூற்றுகளை ஒலிநாடாவிற் பதிவுசெய்த கயானோ ஷிகெரு, அதனோடமையாது 1983இல் நிபுத்தானியிற் சிறுவர்க்கு ஐனு மொழி வகுப்பைத் தொடங்கினார். 1994இல் பாராளுமன்றம் புகுந்து, ஆங்கும் அம்மொழியிற் பேசினார்.

பழைய சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. எனினும் 2009இல் யுனெஸ்கோ அம்மொழியை அழிவின் விளிம்பிலுள்ளதென வகைப்படுத்திற்று. சட்டத்தை நீக்குதல் எளிது. பாடசாலை வழியாக இழந்த மொழியோ சிறுவர் நாவின் வழியாகவே மீளவேண்டியுள்ளது.