பழையகோட்டைப் பட்டியும் காங்கேய மாட்டினமும்

சங்கப் பாடல்களில் ‘அடுக்கம்’ என்னும் சொல் பக்கமலையைக் குறிக்கும். கும்பக்கரைக்கும் பெருமாள்மலைக்கும் இடையே, பழனிமலையின் தென்சரிவில் அமைந்த நம் அடுக்கம் அச்சொல்லுக்குப் பொருந்திய ஊர். இம்மலையின் அடிவாரங்களில் மலைமாடுகள் பெருமந்தைகளாக மேய்ந்து திரிவதை இன்றும் காணலாம். காட்டில் மேயும் மந்தையில் எந்தப் பசு எந்தக் காளையோடு சேர்ந்தது என்று கணக்கு வைப்பது எளிதன்று. கன்றின் குணத்தில் மனிதர் தேர்வைவிட மலையின் தேர்வே மிகுதி.

இதே மலைக்கு வடக்கே இறங்கிப் பழனியையும் தாராபுரத்தையும் கடந்தால் காங்கேயம். அங்கே நிலைமை வேறு. மாட்டின் கொம்பு, திமில், நிறம், நடை ஆகிய அனைத்திலும் மனிதர் தேர்வின் தடம் பதிந்திருக்கிறது. அத்தேர்வில் முன்னின்ற ஒரு குடும்பப் பட்டியைப் பற்றியும், அதன் வரலாறு நமக்கு உணர்த்துவது பற்றியும் இக்கட்டுரை சுருங்க ஆராய்கிறது.

கொங்கர் ஆநிரைச் செல்வர் என்பது பழஞ்செய்தி. சேர வேந்தன் யானைப்படை செல்லும் காட்சிக்குக் கொங்கரின் ஆக்கள் பரந்து செல்வதை உவமையாக்குகிறது பதிற்றுப்பத்து. படையின் பெருக்கத்தைக் காட்டப் புலவர் அரிசில்கிழார்க்கு வேறு உவமை தேவைப்படவில்லை. மழை குறைந்த மேட்டு நிலத்தில் உழவைவிட ஆநிரையே உறுதியான உடைமையாக இருந்திருத்தல் வேண்டும்.

அந்நிலத்திற்கேற்ப வளர்ந்ததே கொறங்காடு என்னும் மேய்ச்சல் முறை. நிலத்தைப் பாத்தியாக வகுத்து, சுற்றிலும் முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் வளர விடுவர். புல் வறண்ட கோடையில் வேலங்காய் மாட்டுக்குத் தீனியாகும். ஒரு காட்டில் மேய்ந்து முடிந்ததும் அடுத்த காட்டுக்கு ஓட்டுவர். இவ்வேலியால் மற்றொரு பயனும் உண்டு: அயல்காளை உள்ளே புகாது. தேர்ந்தெடுத்து இனம் பெருக்குவதற்கு முதல் தேவை இதுவே.

பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் ‘சர்க்கரை மன்றாடியார்’ என்னும் பட்டம் தாங்கியவர்கள். கொங்கு மண்டல சதகம் போற்றும் ஆணூர்ச் சர்க்கரையின் வழியினர் என்று கூறப்பெறுபவர்கள். இக்குடும்பத்தில் தோன்றிய நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் பெருமந்தை வைத்துக் காங்கேய இனத்தைத் திருத்தியவர் எனக் கால்நடை நூல்கள் குறிக்கின்றன. தென்னிந்திய மாட்டினங்களைப் பற்றிக் கன் என்பார் 1909ஆம் ஆண்டிலும் லிட்டில்வுட் என்பார் 1936ஆம் ஆண்டிலும் நூல்கள் வெளியிட்டனர். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1953இல் வெளியிட்ட இந்திய, பாகிஸ்தான் மாட்டினங்கள் பற்றிய நூலிலும் காங்கேயம் இடம்பெற்றது.

தேர்வு என்பது நடைமுறையில் யாது? காங்கேயக் கன்று பிறக்கும்போது செந்நிறமாயிருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளைக்குத் திமிலிலும் முன்பின் தொடைகளிலும் கருமை ஏறும். காயடித்தால் அக்கருமை வெளிறும். ஆகவே, நிறம் மட்டும் கண்டு கன்றிலேயே முடிவு செய்ய இயலாது. பொறுத்திருந்து பார்த்தல் வேண்டும். உடற்கட்டு, கால், குளம்பு, கொம்பின் அமைப்பு, தாயின் இயல்பு ஆகியவற்றை நோக்கிச் சிறந்ததைப் பொலிகாளையாக நிறுத்துவர். ஏனையவற்றைக் காயடித்து ஏருக்கும் வண்டிக்கும் பழக்குவர். சுழி பார்க்கும் வழக்கமும் இதனோடு கலந்திருந்தது. சுழியில் அறிவியல் இல்லை. ஆயினும் சுழி பார்க்கக் குனிந்த கண் மாட்டின் முழு உடலையும் பார்த்தது.

இங்கிலாந்தில் டிஷ்லி என்னும் ஊரில் இராபர்ட் பேக்வெல் (1725-1795) தம் குடும்பப் பண்ணையில் ஆட்டையும் மாட்டையும் தேர்ந்து பெருக்கிப் புகழ்பெற்றார். 1822இல் ஷார்ட்ஹார்ன் இனத்துக்கு வம்சப் பதிவேடு அச்சாயிற்று. 1859இல் டார்வின் தம் பெருநூலை வீட்டு விலங்குகளின் தேர்விலிருந்தே தொடங்கினார். இலக்கு வைத்து அறிந்து தேர்வதும், நல்லதை வைத்துக்கொண்டு அல்லதைக் கழிப்பதனால் அறியாமலே தேர்வதும் என அவர் இருவகை காட்டினார். கொங்கு நாட்டில் இவ்விரண்டும் இணைந்தே நடந்தன. பட்டக்காரர் பட்டியில் நடந்தது முன்னது. சிறு உழவர் தொழுவங்களில் நடந்தது பின்னது. அங்கே வம்சம் ஏட்டில் இருந்தது. இங்கே பெரும்பாலும் நினைவில் இருந்தது.

இவ்விடத்து ஒன்றைச் சொல்லாமல் செல்லுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. நூல்களில் நிலைத்தது பட்டக்காரர் பெயர். ஈன்ற பசுவின் அருகே இரவெல்லாம் விழித்திருந்தவர், கன்றுக்குப் பால் விட்டுக் கறந்த பெண், காட்டில் மேய்த்த பண்ணையாள் ஆகியோர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. எந்தக் கிடாரி எந்தப் பசுவின் வயிற்றுப் பேத்தி என்பதை அறிந்திருந்தவர்கள் அவர்களே. பெருநிலமும் அதிகாரமும் இல்லாமல் அத்தகைய பட்டியை ஒரு குடும்பம் வைத்திருக்க இயலாது. அவ்வதிகாரத்தின் கீழ் உழைத்தோரின் அறிவு இல்லாமல் அப்பட்டி சிறந்திருக்கவும் இயலாது. இரண்டையும் ஒருங்கே எழுதுவதே முழு வரலாறு.

இந்த இனத்தின் தளர்ச்சிக்குக் காரணம் பலவாகும். ஆழ்கிணற்றில் கவலை இறைக்கவும், கட்டாந்தரையை உழவும், பாரவண்டி இழுக்கவும் உருவாக்கப்பட்ட மாடு இது. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. நாளடைவில் கவலையின் இடத்தைப் பம்புசெட்டு பிடித்தது. ஏருக்கும் வண்டிக்கும் மாற்றாக டிராக்டரும் லாரியும் வந்தன. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் பெருநில உடைமையை வரையறுத்தது. சமூக நீதிக்கு அது வேண்டியதே. ஆயின் பெருமந்தைகளுக்கு நிழலாயிருந்த நிலமும் அதனால் சுருங்கியது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி பாலையே மாட்டின் மதிப்பாக்கியது. ஓர் ஈற்றில் ஏறத்தாழ 540 கிலோ பால் தரும் காங்கேயப் பசு, ஜெர்சிக் கலப்பினத்தோடு போட்டியிட இயலுமா? உழைப்புக்காகத் தேர்ந்த இனத்தைப் பாலுக்காக அளந்து குறைகூறினோம்.

இன்று மீட்பு முயற்சிகளும் உள. குட்டப்பாளையத்துச் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இத்துறையில் உழைத்து வருகிறது. கண்ணபுரம் தேர்த்திருவிழாச் சந்தையில் காங்கேய மாடுகளைக் காணலாம். 2017ஆம் ஆண்டுச் சல்லிக்கட்டுப் போராட்டம் நாட்டு மாடு என்னும் சொல்லையே நகரத்து இளைஞர் நாவில் ஏற்றியது. 2019இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு மாட்டின இனப்பெருக்கச் சட்டம், உழவர் தம் பொலிகாளையைத் தாமே தேர்ந்து வைத்திருக்கும் உரிமை பற்றிய விவாதத்தைக் கிளப்பியது.

எனினும் அடிப்படை வினா ஒன்று எஞ்சி நிற்கிறது. இனி எதற்காகத் தேர்வது? அழகுக்காகவும் பந்தயத்துக்காகவும் மட்டும் தேர்ந்தால் காளை நிலைக்கும், பசு நிலைக்குமா? ஓலைச்சுவடி கறையானுக்கு இரையாவதன் முன் மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டதனாலேயே சங்க நூல்கள் நமக்குக் கிட்டின. படியெடுத்தவர் ஒரு தலைமுறை சோர்ந்திருந்தால் நூல் மறைந்திருக்கும். மாட்டினமும் அத்தகையதே. காட்சிப் பொருளாக வைத்து அதனைக் காக்க இயலாது; ஒவ்வொரு தலைமுறையும் தேர்ந்து, வளர்த்து, பயன்கொண்டே காத்தல் வேண்டும்.

பழையகோட்டைக்குக் கிடைத்த எழுத்துச் சான்று நம் அடுக்கத்துச் சரிவுகளில் மேயும் மலைமாட்டுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதனை மேய்ப்பவர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் நினைவில் உள்ளதைக் கேட்டு எழுதுவது, தமிழ் பயின்ற நம்மால் இயலும் பணி. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் அடுத்த பத்தாண்டில் அதனையும் மேற்கொள்ளுமாக.